இறக்கத்தில் மெதுவாக

ஜூலை 1, செவ்வாய்

மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் குன்னூர் வந்து சேர்ந்தேன். இறங்கும்போதே மழை. முகாம் விடுதியில் அறை இரண்டாவது மாடியில். படிக்கட்டு குறுகலானது, ஓரங்களில் பாசி. அறையில் இரண்டு கட்டில்கள். ஜன்னல் பக்கம் இருப்பது சுகிர்தாவுடையது. சுவர்ப் பக்கம் ரேகாவுடையதாக இருந்தது. இனி என்னுடையது.

ரேகா மகாராஷ்டிராக்காரி. தொடை எலும்பில் கீறல் விழுந்து போன வாரம் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் அல்மாட்டியில் நடக்கும் ஆசிய மாரத்தான் கோப்பைக்கு மூன்று பெண்கள் போக வேண்டும். மணிப்பூர் பிமோலாவும் உத்தராகண்ட் கங்கோத்ரியும் இருக்கிறார்கள். ரேகா இருந்த மூன்றாவது இடம், தேர்வு ஓட்டத்தில் நான்காவதாக வந்து மாற்று ஆளாகக் காத்திருந்த சுகிர்தாவுக்குப் போய்விட்டது. ஐந்தாவதாக வந்த என்னை இப்போது மாற்று ஆளாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறாவதாக வந்தவள் முழுகாமல் இருக்கிறாள். வரிசை என்னோடு முடிகிறது.

மாற்று ஆளாக முகாமுக்கு வருவது எனக்கு இது நான்காவது முறை. முன்பு மூன்று முறையும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கட்டிலுக்கு அடியில் ரேகாவின் சாக்ஸ் ஒன்று கிடந்தது. ஒற்றை. துவைத்துக் கொடியில் போட்டேன்.

ஜூலை 2, புதன்

பயிற்சியாளர் பொன்னுத்துரை சார் என்னைப் பார்த்ததும், “ஏம்மா சகாயம், இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கியா?” என்றார்.

“நீங்கதானே சார் கூப்பிட்டீங்க.”

“நான் எங்க கூப்பிட்டேன்? டெல்லி கூப்பிட்டுது.”

பிறகு எல்லோரையும் நிற்க வைத்துப் பழைய பேச்சையே பேசினார். மூன்று பேரின் நேரத்தையும் கூட்டித்தான் அணிக்கு இடம். ஒருத்தி முடிக்காவிட்டால் அணியே இல்லை. “பாதியில நின்னா நீ மட்டும் நிக்கல, மூணு பேரும் நிக்கீங்க.” மாற்று ஆள் மூன்றாவது ஆளுடன் சேர்ந்தே ஓட வேண்டும் என்பது அவருடைய வழக்கம். அதனால் நானும் சுகிர்தாவும் ஜோடி.

ஞாயிற்றுக்கிழமை காலை உணவின்போது ஓட்டக் கடிகாரங்களைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட வேண்டும். அவர் மடிக்கணினியில் மாட்டி, வாரம் முழுவதும் யார் எங்கே எப்படி ஓடினார்கள் என்று பார்ப்பார்.

ஜூலை 4, வெள்ளி

துணி எதுவும் காயவில்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்து உள்ளாடைகளை உலர்த்தினோம். சுகிர்தா புதுக்கோட்டைப் பெண், இருபத்து மூன்று வயது. பாதி வார்த்தையைச் சிரித்துக்கொண்டேதான் பேசுகிறாள். “அக்கா, நீங்க ரயில்வேயில டிக்கெட் குடுக்குறீங்களாமே, எங்களுக்கெல்லாம் ஜன்னல் சீட்டுக் கிடைக்குமா?” என்றாள். முன்பதிவு இல்லாத கவுண்டர் என்று சொன்னேன். “அப்ப உங்களால ஒரு பிரயோசனமும் இல்ல” என்றாள்.

இடது கணைக்கால் முன்பக்கம் லேசாக உளைகிறது. மலைச்சாலைக்குப் பழக வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

மழை. ஓடினோம்.

ஜூலை 10, வியாழன்

சுகிர்தாவுக்குக் காலில் ஏதோ இருக்கிறது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது முதலில் விரல்களை ஊன்றுகிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்கிறாள். குளியலறை வரைக்கும் வலது குதிகாலைத் தரையில் முழுதாக வைப்பதில்லை. ஓடத் தொடங்கி உடம்பு சூடானதும் சரியாகிவிடுகிறது. ஏற்றம் வந்தால் மட்டும் பேச்சை நிறுத்திவிடுகிறாள்.

நான் கேட்கவில்லை. முகாமின் பிசியோதெரபிஸ்ட் ஷகீலாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் இடம் எனக்கு வரும். அதனாலேயே சொல்ல முடியாது.

இன்று வாளியோடு படியிறங்கும்போது ஒவ்வொரு படியாக நின்று இறங்கினேன். ஈரப்படி, வழுக்கிவிடும்.

ஜூலை 13, ஞாயிறு

நீண்ட ஓட்டம். விடுதியிலிருந்து தேயிலைத் தொழிற்சாலை வரை ஏற்றம். அங்கிருந்து ஓடைப் பாலம் வரை இறக்கம். பிறகு அதே வழியில் திரும்ப வேண்டும். சார் ஸ்கூட்டரில் போய்த் தொழிற்சாலை வாசலில் ஒரு முறை நிற்பார், பாலத்தில் ஒரு முறை நிற்பார். நடுவில் இருக்கும் வளைவுகளில் அவர் கண்ணுக்கு நாங்கள் தெரிய மாட்டோம்.

ஏற்றத்தில் சுகிர்தாவை விட்டு முன்னால் போகாமல் அவள் வேகத்துக்கே ஓடினேன். தொழிற்சாலையைத் தாண்டியதும் அவள், “அக்கா, மெதுவாப் போவோம். ரோடு வழுக்குது” என்றாள். சரி என்றேன். அவளுக்காக மெதுவாக ஓடினேன். கடைசி வளைவுக்கு முன்னால் இருவரும் முதுகை நிமிர்த்திக்கொண்டு வேகமெடுத்தோம்.

சார் பாலத்தில் விசிலோடு நின்றார். “என்னம்மா, கதை பேசிட்டே வந்தீங்களா?”

“காட்டெருமை சார், ரோட்டுக்குக் குறுக்க நின்னுச்சு” என்றாள் சுகிர்தா.

“எத்தனை?”

“அம்மாவும் குட்டியும் சார்.”

காட்டெருமை எதுவும் இல்லை. குட்டியை அவள் எதற்குச் சேர்த்தாள் என்று நினைத்துத் திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தேன்.

ஜூலை 16, புதன்

வீட்டுக்குப் பேசினேன். மகள் ரெனிஷாவுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைவு. அவள் அப்பா வின்சென்ட் அதைச் சொல்லாமல் மறைக்கப் பார்த்தார், அவளே பிடுங்கிப் பேசிச் சொல்லிவிட்டாள். “அம்மோ, நீ ஓடுவியா, சும்மா இருப்பியா?” என்று கேட்டாள். தெரியாது மக்களே என்றேன். அடுத்த தேர்வு வரும்போது எனக்கு முப்பத்தாறு ஆகியிருக்கும். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஓட்டம் முடிந்து கேன்டீனில் ஐஸ் கேட்டேன். சுகிர்தா முன்னாலேயே வாங்கிப் போய்விட்டாளாம். அறைக்கு வந்தால் போர்வைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி நீட்டினாள். நானும் என் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டேன். ஆளுக்கொரு சீரியல் பார்த்தோம். யாருக்கு எதற்கு ஐஸ் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. மெத்தை இரண்டு இடத்திலும் நனைந்துவிட்டது.

ஷூவின் அடிப்பாகம் தேய்ந்துவிட்டது. உளைச்சலுக்கு அதுதான் காரணமாக இருக்கும்.

ஜூலை 23, புதன்

புது ஷூ போட்டேன். பரவாயில்லை. மாலையில் பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சார் மடிக்கணினியை எங்கள் மேசைக்கே கொண்டுவந்து வைத்தார்.

“ரெண்டு பேரும் இதப் பாருங்க. ஏத்தத்துல மெதுவா ஓடறது எல்லாருக்கும் உள்ளதுதான். அதை நான் கேக்கல. இறக்கத்துல ஏன் நிக்கீங்க?”

திரையில் எங்கள் வேகத்தைக் காட்டும் இரண்டு கோடுகள். நீலம் சுகிர்தா, சிவப்பு நான். தொழிற்சாலை வரை இரண்டும் நெளிந்தன. பாலத்துக்கு இறங்கும் இடத்தில் இரண்டும் ஒன்றாகக் குழியில் விழுந்தன. பாலத்துக்குச் சற்று முன்னால் இரண்டும் ஒன்றாக எழுந்தன.

“போன வாரம், அதுக்கு முந்தின வாரம், இன்னைக்கு. எல்லாம் அதே வளைவு. வாராவாரம் அங்கேயேவா நிக்குது உங்க காட்டெருமை?”

பிமோலாவும் கங்கோத்ரியும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். தமிழ் தெரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது.

“தசைன்னா ஏத்தத்துல இழுக்கும். எலும்புல ஏதாவது இருந்தா இறக்கத்துலதான் காட்டிக்குடுக்கும். ஒவ்வொரு அடியும் இடிக்கும்லா? ரேகா கதையும் இப்படித்தான். யாருக்கு?”

நான் தட்டைப் பார்த்தேன்.

“எனக்குத்தான் சார்” என்றாள் சுகிர்தா.

“எங்க?”

“வலது குதிகால் சார். ரொம்ப நாளா இருக்கு.”

சார் என் பக்கம் திரும்பினார். “இவளுக்காகத்தான் நீயும் மெதுவா ஓடினியா?”

தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

“சொல்லியிருக்கணும் நீ. சொல்லாதது தப்பு.” பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி இந்தியில் சொன்னார். “இடத்துக்கு அலையிறவளா இருந்தா மொத நாளே வந்து சொல்லியிருப்பா. இவ கூடவே ஓடியிருக்கா. அணின்னா இதுதான்.”

கங்கோத்ரி என் தோளைத் தட்டினாள். பூரி ஆறிப்போயிருந்தது.

ஜூலை 28, திங்கள்

சுகிர்தா மதிய பஸ்ஸில் போனாள். திருச்சியில் ஸ்கேன் எடுத்துவிட்டு ஊருக்குப் போவாளாம். பையைக் கட்டும்போது ஐஸ் பையை எடுத்து என் தலையணைமேல் வைத்தாள். “இதை நீங்க வச்சுக்கங்கக்கா. நல்ல பை, ஒழுகாது.”

அவள் போன பிறகு ஷகீலா என்னைச் சோதித்தாள். ஒற்றைக் காலில் குதிக்க வேண்டும். முதலில் வலது கால், பிறகு இடது.

“வலிக்குதாக்கா?”

“இல்லை.”

“வேர்க்குதே.”

“காலையில சாப்பிடல.”

ஓடத் தகுதி என்று எழுதிவிட்டாள். என் பெயர் டெல்லிக்குப் போய்விட்டது. பதினைந்து வருஷமாக நான் கேட்டது இது.

இறங்கி வரும்போது கைப்பிடிக் கம்பி குளிர்ந்திருந்தது.

ஜூலை 30, புதன்

சீருடை வந்தது. கோட்டு ரேகாவின் அளவில் தைத்தது, எனக்குத் தோளில் தொங்குகிறது. மார்பில் பெயர்ப் பட்டை. ரேகாவின் பெயரைப் பிரித்துச் சுகிர்தாவின் பெயரைத் தைத்து, அதையும் பிரித்து இப்போது என் பெயரைத் தைத்திருக்கிறார்கள். என் பெயர் நீளம் குறைவு. இரண்டு பக்கமும் பழைய ஊசித் துளைகள் வெளியே தெரிகின்றன.

போட்டோ எடுத்து வின்சென்ட்டுக்கு அனுப்பினேன். “துளை கிடக்கட்டும், முதுகுல இந்தியான்னு இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

சுகிர்தா கூப்பிட்டாள்.

“அக்கா, ஸ்கேன் பாத்தாச்சு. எலும்புல ஒண்ணுமே இல்லையாம். குதிகால் நரம்புல வீக்கம், அவ்வளவுதானாம். பத்து நாள் ஓடாம சைக்கிள் மிதிச்சா சரியாப் போயிரும்னாங்க.”

“நல்லதாப் போச்சு.”

“நான் எலும்புன்னுதான்க்கா நினைச்சுப் பயந்துட்டேன். ரேகாக்கா மாதிரி நானும் எப்படியும் போறவதான்னு…” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “டாக்டர் சொன்னாரு, இது ஏத்தத்துலதான் பிடிக்குமாம். இறக்கத்துல ஒண்ணும் தெரியாதாம்.”

“ம்.”

“நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலக்கா.”

“சாப்டியா?” என்று கேட்டேன். சாப்பிட்டாளாம். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஸ்கேன் முடிவு சாருக்கும் வந்துவிட்டது. ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார். “எலும்புல ஒண்ணுமில்லங்கான். அப்ப அந்தப் பிள்ள இறக்கத்துல ஏன் நின்னா?”

“பயந்திருப்பா சார்.”

துணியைப் பிழிந்தார். மறுபடி துடைத்தார். “பேர் மாத்தினது மாத்தினதுதான். திரும்ப மாத்தணும்னா டெல்லியில பதினாலாந் தேதி வரைக்கும்தான் கேப்பாங்க” என்றார். நான் அதைக் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நீண்ட ஓட்டம், பிமோலாவோடு. ஏற்றத்தில் அவளைவிட நான் முன்னால். தொழிற்சாலையைத் தாண்டியதும் அவள் போய்விட்டாள். பாலத்தில் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தாள். சார் எதுவும் சொல்லாமல் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

பிமோலா இந்தியில் பேசினாள். என் இந்தி டிக்கெட் கவுண்டர் இந்தி, ஆனால் இது புரிந்தது.

“தீதி, இறங்கும்போது நீ ரோட்டைப் பார்ப்பதில்லை. காலைப் பார்க்கிறாய்.”

“புது ஷூ.”

“போன கோப்பையில் எங்களுடன் ஒருத்தி வந்தாள். அவளும் புது ஷூ என்றுதான் சொன்னாள். முப்பதாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தெரியாது. கடைசி வரை இழுத்துப் பிடித்து ஓடினேன். முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் சொன்னார்கள், அணியே இல்லை என்று.” எழுந்து பின்பக்கம் ஒட்டிய பாசியைத் தட்டிவிட்டாள். “நான் அவளைத் திட்டவில்லை. ஆனால் அவளுடன் இன்று வரை பேசவும் இல்லை.”

திரும்பும்போது என் வேகத்துக்கே ஓடி வந்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

துணி காயவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வின்சென்ட் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். போட்டோ வந்தது. கோட்டுப் போட்ட என் முகம், பின்னால் தேசியக் கொடி, மூலையில் ஓடுகிற யாரோ ஒரு வெள்ளைக்காரியின் கால்கள். கீழே தெரு இளைஞர் மன்றத்துப் பையன்களின் முகங்கள் என் முகத்தைவிட அதிகம். போன ஞாயிறு பூசை முடிந்து ஃபாதர் அறிவிப்பில் சொன்னாராம். என் நாத்தனார் அழுதாளாம்.

“உன் நாத்தனார் எதுக்கு அழுதா தெரியுமா? ஃப்ளெக்ஸ்ல அவ பேரைப் போடல” என்றார் வின்சென்ட்.

சிரித்தேன். “என்ன, சத்தமே சரியில்ல?” என்றார். சளி என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கிளம்பும் நேரத்தில் சார் வந்தார். “சகாயம், நீ இறக்கத்துக்குப் போவேண்டாம். மைதானத்துல மெதுவா ஓடு, போதும்.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவர் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மைதானம் சமமான தரை. மழையில் ஊறி மெத்தையைப் போல இருந்தது. ஓடினேன். பிறகு நடந்தேன். கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடந்தேன். டப்பாவில் போடும்போது சார் இல்லை, அவர் மடிக்கணினியும் அங்கே இல்லை. இந்த வாரம் யாருடையதையும் அவர் பார்க்கவில்லை.

ஷகீலா நேராகப் பார்த்தால் நானும் நேராகப் பார்க்கிறேன். எல்லோரும் கண்ணியமாக நடந்துகொள்கிறோம்.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் தண்ணீர் வரவில்லை. கீழேயிருந்து பிடித்து வர வேண்டும். வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முன்பக்கமாக இறங்க முடியவில்லை. திரும்பி நின்று, வாளியை முழங்கையில் மாட்டி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏணியில் இறங்குவதுபோலப் பின்பக்கமாக இறங்கினேன். கொஞ்ச நாளாகவே யாரும் இல்லாதபோது இப்படித்தான் இறங்குகிறேன். இதுவரை எழுதவில்லை.

பாதிப் படியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். பொய் சொல்கிறோமே என்ற கவலைகூட அப்போது இல்லை. இன்னும் இத்தனை படி இருக்கிறதே என்றுதான் இருந்தது. அல்மாட்டியில் எத்தனை கிலோமீட்டர் என்று யோசிக்கவே தெம்பில்லை.

அங்கிருந்தே சுகிர்தாவைக் கூப்பிட்டேன்.

“சைக்கிள் மிதிக்கிறியா?”

“ரெண்டு வேளையும்க்கா. நாலு நாளா ஓடவும் செய்யுறேன். காலையில எந்திரிச்சா குதிகால் நல்லா ஊனுது.”

“ஏத்தம் ஏறிப் பாத்தியா?”

“புதுக்கோட்டையில ஏத்தத்துக்கு நான் எங்கக்கா போவேன்? ரயில்வே பாலம் ஒண்ணுதான். அதுல ஏறி ஏறி இறங்குறேன், ஊரே என்னைய ஒரு மாதிரியாப் பாக்குது.”

“பிடிக்கலையே?”

“இல்லக்கா.” பிறகு மெதுவாக, “ஏன்க்கா கேக்குறீங்க?” என்றாள்.

“பையைக் கட்டி வை” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அந்தப் பெண் சிரிக்காமல் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டது அப்போதுதான். “உங்க கால் எப்படிக்கா இருக்கு?” என்றாள். தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் ஷகீலாவின் அறைக்குப் போனேன். அவள் கேட்பதற்கு முன்பே இடது காலைத் தூக்கி மேசைமேல் வைத்தேன்.

“எங்கக்கா?”

கணைக்காலின் முன்னெலும்பில், நடுவுக்குச் சற்றுக் கீழே, நானே விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடம் ஒரு விரல்நுனி அளவுதான். தேட வேண்டியிருக்கவில்லை. ஷகீலா தன் விரலை அங்கே வைத்து லேசாக அழுத்தினாள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை எடுத்துவிட்டு என் காலைத் தன் துப்பட்டாவின் நுனியால் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

“அன்னைக்குக் குதிச்சீங்களே.”

“குதிச்சேன்.”

சாரை அவள்தான் கூப்பிட்டாள். அவர் வந்து வாசலிலேயே நின்றார். விஷயத்தைக் கேட்ட பிறகும் உள்ளே வரவில்லை.

“ஏம்மா, மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?”

“நீங்களும் கேட்டிருக்கலாம் சார்.”

கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். எனக்கு முப்பத்து நான்கு வயது என்றால் அவருக்கு அறுபது இருக்கும். அப்போது இரண்டு பேரும் ஒரே வயதில் இருந்தோம். “கேட்டா நீ சொல்லியிருவியேன்னு பயந்தேன். மூணாவது தடவையா ஆள் மாத்துறேன்னு டெல்லியில என்ன சொல்லன்னு இருந்தேன்” என்றார்.

“சுகிர்தா ஓடுறா சார். ஏத்தம் ஏறிப் பாத்துட்டா. பையைக் கட்டி வச்சிருக்கா.”

“நீ கேட்டியா?”

“நேத்தே கேட்டேன்.”

ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். டெல்லியோடு இந்தியில் பேசுவது கேட்டது. காட்டெருமைபோல் கத்தினார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுதி முற்றத்தில் கொடி ஏற்றினார்கள். நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றேன், வலது காலில்.

சுகிர்தா மதியம் வந்தாள். படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறும் சத்தம் அறைக்குள் கேட்டது. வந்து பையைப் போட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள். நான் கட்டிலில் உட்கார்ந்து கோட்டிலிருந்து என் பெயரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்தேன்.

“எப்பத் தெரியும் உனக்கு?” என்று கேட்டேன்.

“மொத ஞாயித்துக்கிழமையே. ரோடு வழுக்குதுன்னு சொன்னேன்ல? அன்னைக்கு ரோடு காஞ்சு கிடந்துச்சுக்கா.”

பிளேடைக் கீழே வைத்தேன்.

“அப்புறம் எதுக்கு நீ எனக்குன்னு சொன்ன?”

“எனக்கும் இருந்துச்சுல்ல? பொய் ஒண்ணும் இல்லையே. ஒரே மேசையில ரெண்டு பேர் இடமும் எதுக்குப் போகணும்னு நினைச்சேன்.” பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். மூன்று முறை தவறியது. “இந்தாங்கக்கா, நீங்களே கோத்துக்கங்க. உங்களுக்கு வயசாயிடுச்சுன்னு யாரு சொன்னது, கண்ணு நல்லாத்தானே இருக்கு.”

“வாயை மூடு.”

அவளுடைய பெயர்ப் பட்டையை நானே தைத்தேன். அவள் பெயர் நீளமானது. பழைய துளைகள் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

வீடு. இடது காலில் முழங்கால் வரை கட்டு. வின்சென்ட் ஸ்டேஷனுக்கு ஆட்டோவோடு வந்திருந்தார். தெருமுனையில் ஃப்ளெக்ஸ் இன்னும் இருந்தது. ஆட்டோ அதன் அடியிலேயே திரும்பியது. மன்றத்துப் பையன்கள் இரண்டு பேர் அதன் கீழே கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள், எழுந்து நின்றார்கள்.

“நேத்தே கழட்டலாம்னு பாத்தேன். ஏணி கிடைக்கல” என்றார் வின்சென்ட்.

அவர் ஏணி தேடவில்லை என்று எனக்குத் தெரியும். கிடக்கட்டும் என்றேன்.

ரெனிஷா கட்டின்மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதலாமா என்று கேட்டாள். கணக்குப் பாடம் முடித்துவிட்டு எழுது என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சுகிர்தா விமானத்தில் ஏறும் முன் போட்டோ அனுப்பினாள். கோட்டு அவளுக்கும் தோளில் தொங்குகிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அல்மாட்டி ஓட்டத்தைப் போனில் நேரலையாகக் காட்டினார்கள். காலைப் பூசைக்குப் போகவில்லை. வின்சென்ட்டும் போகவில்லை. போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, காலை ஸ்டூலில் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

கேமரா முன்னால் ஓடுகிறவர்களையே காட்டிக்கொண்டிருந்தது. பிமோலாவைக் கொஞ்சம் காட்டினார்கள். கங்கோத்ரியைத் தண்ணீர் மேசையில் ஒரு முறை. சுகிர்தாவைக் காட்டவே இல்லை. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை திரையின் ஓரத்தில் பெயர்கள் ஓடும்போது அவள் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். முப்பதில் இருந்தது. முப்பத்தைந்தில் கொஞ்சம் தாமதமாக வந்தது.

“நின்னுட்டாளா?” என்றார் வின்சென்ட்.

“ஏத்தம்” என்றேன். பாதை வரைபடத்தை நான் முன்பே மனப்பாடம் செய்திருந்தேன்.

ஏற்றத்துக்குப் பிறகு ஊருக்குள் ஒரு நீண்ட இறக்கம். மேலேயிருந்து ஒரு கேமரா அதை முழுதாகக் காட்டியது. ஈரமான, பளபளக்கிற தார்ச்சாலை. அதில் பத்துப் பதினைந்து பேர் புள்ளி புள்ளியாக இறங்கினார்கள். எல்லோரும் அடியை அளந்து வைத்தார்கள். நம்முடைய நீலப் பனியன் ஒன்று மட்டும் கைகளை விட்டுவிட்டு, கல்லை உருட்டிவிட்டதுபோல் வந்தது. ஒரு ஜப்பான்காரியைத் தாண்டியது. அடுத்து இன்னொருத்தியை. முகம் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை.

மூவரும் முடித்தார்கள். அணிக்கு நான்காவது இடம். பதக்கம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் சுகிர்தாவே கூப்பிட்டாள். பின்னால் ஒரே கூச்சல். பிமோலா போனைப் பிடுங்கி ஏதோ இந்தியில் கத்தினாள், அவளிடமிருந்து இவள் திரும்பப் பிடுங்கினாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“பாத்தீங்களாக்கா?”

“பாத்தேன்.”

“இறக்கத்தை?”

“அதைத்தான் பாத்தேன்.”

அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. மறுபடியும் கேட்டாள், அன்றைக்குக் கேட்ட அதே குரலில். “உங்க கால் எப்படிக்கா இருக்கு?”

“வலிக்குது” என்றேன்.

அடுப்படியிலிருந்து வின்சென்ட் தலையை நீட்டிப் பார்த்தார்.

“வலிக்குது சுகிர்தா. நல்லா வலிக்குது.”